படுத்துக்கொண்டே ஏறிய மலை

மூச்சு வாங்குகிறவர்களை இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்க வைப்பதுதான் என் தொழில். ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதய ஸ்கேன் எடுக்கிறேன். மேட்டில் வீடும் பள்ளத்தில் பஸ் நிறுத்தமும் உள்ள உங்களுக்கு என் நோயாளிகளின் பாடு சொல்லாமலே தெரியும்.

சும்மா இருக்கும் நெஞ்சு

செல்வராணி அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மலை ஏறினால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. அதனால் நடிக்கிறார் என்று, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா முடிவு கட்டிவிட்டார். டொக்டர் எழுதிக் கொடுத்தால்தான் சமதரையில் வேலை கிடைக்கும்.

திரையில் அவர் இதயம் சாம்பல் மூட்டத்துக்குள் மெல்லத் திறந்து மெல்ல மூடியது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தத்திலும் குறையில்லை. அதைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடியது.

"நீங்களும் ஒன்னும் இல்லன்னு சொல்லிடாதீங்க, மிஸ்."

மாடிப்படி

மேடு ஏறும்போது நுரையீரலுக்குள் ரத்தம் பல மடங்கு பாயும். நல்ல நுரையீரலில் அதுவரை மூடிக்கிடந்த சிறு ரத்தக் குழாய்களும் திறந்து வழிவிடும், மழை நாளில் தேயிலைக்குள் தண்ணீர் வடிய வெட்டிய கான்களெல்லாம் ஓடுவதுபோல. வழி கிடைக்காவிட்டால் அழுத்தம் ஏறும். ஓய்ந்தால் சீக்கிரமே இறங்கிவிடும்.

ஆகவே மாடிப்படி ஏறிவிட்டு ஓடிவந்து கட்டிலில் படுக்கச் சொன்னேன். வாசலில் டொக்டர் நின்றார். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலையைச் சரிசெய்து, கும்பிட்டுவிட்டு, நிதானமாக வந்து படுத்தார். அழுத்தமும் நிதானமாகிவிட்டிருந்தது.

"டொக்டர் ஐயா நிக்கிறப்ப எப்புடி மிஸ் விழுந்தடிச்சு ஓடியாறது?"

பெடல்

மிஞ்சியது, கட்டிலில் பொருத்திய பெடலை மிதிக்க வைத்தபடியே ஸ்கேன் எடுப்பது. அக்கா இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் உதைத்தார். பெடல் அசையவில்லை. அந்தச் செங்குத்துத் தோட்டத்தில் சைக்கிளை யார் கண்டார்! நானோ நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ரகம். விளக்கத் தெரியாமல் பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து, காற்றில் கால்களைச் சுற்றிக் காட்டினேன். அப்போது பார்த்து டொக்டர் உள்ளே வந்தார். கூச்சத்தில் செத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே மிதிக்கத் தொடங்கினார்.

யன்னலில் பனி நகர்ந்தது. படுத்த இடத்திலேயே அவர் ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தார். மிதிக்க மிதிக்க அழுத்தம் உயர்ந்துகொண்டே போனது. டொக்டர் நிறுத்தச் சொன்னார். நுரையீரல் குழாய்களில் கோளாறு தெரிகிறது, இன்னும் சோதிக்க வேண்டும், அதுவரை மலை ஏறக்கூடாதென்று எழுதித் தருகிறேன் என்றார். அக்கா மூச்சிரைப்புக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் பொய் சொல்லலதானே, மிஸ்?"

நோய் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்து நன்றி வாங்கிக்கொள்ளும் தொழில் எங்களுடையது.