அம்மா விதைத்த துவரை

அம்மாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சாலையைக் கடக்கும் இடத்தில் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாள். பச்சை விளக்கு வரும்வரை அழுத்திக்கொண்டே நிற்பாள். அரிசி வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் எங்கள் வீட்டில் சோறு பெரும்பாலும் அரைவேக்காடுதான். அப்படிப்பட்டவளிடம், நான் பத்து வயதில் தொடக்கநிலை நான்கில் படித்த வருடம், ஒரு டாக்டர் ஆறு மாதம் பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மார்பில் ஒரு சின்னக் கட்டி. அநேகமாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றாராம். இதெல்லாம் எனக்கு இப்போது, இருபத்து நான்கு வயதில், நீயும் ஒரு நடை போய்க் காட்டிக்கொள் என்று அம்மா சொன்னபோதுதான் தெரியவந்தது. அன்றைக்கு என் காதில் போட்டது ‘செக்கப்’ என்ற ஒரே வார்த்தை. அந்த ‘அநேகமாக’ அம்மாவைப் படுத்திய பாடு எனக்கு எப்படித் தெரியும்?

ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் உண்டு. அதில் ஒரு பாத்தியை மட்டும் யாரும் சீண்டாமல் விட்டிருந்தார்கள். கட்டட வேலையில் மிஞ்சிய கல்லும் மணலுமாகக் கிடக்கும். திடீரென்று அம்மா போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குமுன் அவள் வளர்த்த ஒரே ஜீவன் நான்தான். பக்கத்துப் பாத்தியின் மலாய்க்கார அத்தை, எங்களுக்கு மக்சிக், அந்த மண்ணில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும் என்று சிரித்தார். அம்மா விடுவாளா? கைப்பேசியில் தேடி, துவரைச் செடி செத்த மண்ணையும் தேற்றிவிடும், மஞ்சளாகப் பூவும் பூக்கும் என்று கண்டுபிடித்தாள். அதற்குமேல் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

நேரே சமையலறைக்குப் போய் டப்பாவிலிருந்த துவரம்பருப்பை ஒரு கை அள்ளி வந்து விதைத்தாள். நாங்கள் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். துவரையைச் சாம்பாரில் பார்த்ததோடு சரி. இரண்டு வாரம் பருப்புக்குத் தண்ணீர் ஊற்றினோம். மைனாக்கள் நன்றாகச் சாப்பிட்டன. கடைசியில் சிராங்கூன் சாலை மளிகைக்கடைக்காரர்தான், “உடைச்ச பருப்பு எப்படிக்கா முளைக்கும்? தோலோட முழுசா இருக்கணும்” என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு வாரம் வீணாகிவிட்டதே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

முழுத் துவரையை ஊறவைத்து ஊன்றிய மறுநாளே விரலால் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தாள். விதையைத் தொந்தரவு செய்தால் முளைக்காது, அறிவியல் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் அலறுவேன்.

“நீ சும்மா இருடி. உயிரோட இருக்கான்னு பார்க்கிறேன்.”

அவள் தோண்டியதையும் மீறி முளைத்தன. என் இடுப்புக்கு வந்தன, பிறகு என்னைத் தாண்டின. அம்மாவுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வரமாட்டாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான் கதவை இடிப்பேன். அப்பா துவாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராகத் தோட்டத்துக்கு வந்துவிடுவார். “செடி எப்படி இருக்கு?” என்று கேட்பார். செடியைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்ப்பார். வாழ்நாளில் ஒரு ரோஜாவைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனிதருக்கு இதென்ன புதுப் பைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வருடக் கடைசி மழை தொடங்கியபோது செடிகள் பூத்திருந்தன. அம்மா மறுபடி டாக்டரிடம் போக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அன்று பெய்த பேய்மழையில் ஒரு செடி அடியோடு சாய்ந்துவிட்டது. மழை விட்டதும் நானும் அம்மாவும் ஓடினோம். மண்ணுக்கு வெளியே வந்த வேர் முழுக்க, மிளகை ஒட்டிவைத்ததுபோலக் கட்டி கட்டியாக இருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. “மா, நோய் வந்துருச்சு. எல்லாச் செடியையும் பிடுங்கிடலாம். இல்லாட்டி பரவிடும்” என்றேன்.

வழக்கமாக என் வாயை அடைக்கும் அம்மா, வேரின் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வேலைக்குப் போட்டுப்போன நல்ல உடையோடு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசியில் வேரைப் படமெடுக்கப் பார்த்தாள். எடுத்ததையெல்லாம் அழித்தாள். நான் வாங்கி எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன், பின்னால் இயந்திரச் சத்தம் இரைந்தது.

“தேடிப் பார்த்தேன். அது நோய் இல்ல லா. துவரைக்கு அப்படித்தான் இருக்குமாம். அந்தக் கட்டிதான் செடிக்குச் சத்து கொடுக்குதாம். ஒண்ணும் பண்ணாது.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஒண்ணும் பண்ணாதும்மா.”

“இன்னொரு தடவை.”

அப்பா சொன்னார். அதற்குப் பிறகும் அவள் கேட்டாள், அவரும் சலிக்காமல் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே சிக்னல் சரியில்லை, புளோக் சுவரை விட்டுத் தள்ளி வந்து பேசுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேச்சை முடித்துவிட்டு, சாய்ந்த செடியை நிமிர்த்தி, மண் அணைத்து, குச்சி நட்டுக் கட்டினாள்.

அடுத்த வாரம் ஒருநாள் அப்பா விடுப்பு எடுத்தார். இருவரும் காலையிலேயே போய்விட்டு, மதியம் பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அப்படி இருவரும் சேர்ந்து வந்ததே கிடையாது. கட்டி வளரவில்லை, ஆபத்து இல்லாத கட்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை என்னிடம் யார் சொன்னார்கள்? லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றுதான் கணக்குப் பரீட்சைத் தாள் கையில் வந்திருந்தது. அறுபத்து இரண்டு. பயந்துகொண்டே மேசைமேல் வைத்தேன். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். அம்மா அத்தனை பேர் நடுவில் என்னை இழுத்து அணைத்து முத்தமிட்டாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் பட்டது. அறுபத்து இரண்டுக்கே இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த தடவை கட்டாயம் எழுபது வாங்கிவிடுகிறேன், அழாதீர்கள் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.