இரண்டாம் நம்பர் கிணறு

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவார். இரண்டு கிணறுகளில் எதில் மீன் விடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் குலுக்கவில்லை. முதல் ஊரில் கம்மஞ்சோறும் கட்டித் தயிரும் போட்டார்கள். இரண்டாவது ஊரில் 'உக்காருங்க' என்றுகூட யாரும் சொல்லவில்லை. வயிறு சொன்ன ஊரில் மீனை விட்டேன். ரிஜிஸ்தரில் 'சீட்டுப்படி' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான்.

மேட்டூர் அணை கட்டி முடித்து, எங்கே போனாலும் அந்தப் பேச்சாகவே இருந்த காலம். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பாதையை விட்டு உள்ளே தள்ளி, நரம்புச் சிலந்தியை ஆராய வந்த டாக்டர் ஒருவர் கூடாரம் போட்டிருந்தார். நான் அவருக்கு எடுபிடி. காகிதத்தில் மட்டும் உதவியாளர். நரம்புச் சிலந்தி என்பது வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு. காலில் கொப்புளம் கட்டி, அது உடைந்ததும் தலையை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் சீழ் பிடித்துவிடும். முழுப் புழுவும் வெளியே வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அதுவரை ஆள் பாயில்தான்.

புண்காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குப் பிடிபடாத ஒரு பொடிப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த வருஷம் காலில் புழு. கெண்டைக் குஞ்சுகளை விட்டால் அவை பூச்சியைத் தின்றுவிடும், புழுவும் ஒழியும் என்பது டாக்டரின் எண்ணம். அதை நிரூபிக்க, மீன் விட்ட கிணறு ஒன்றும் விடாத கிணறு ஒன்றும் வேண்டும். முதல் கிணறு, 'பண்ணாடி' என்று கூப்பிடப்படும் பண்ணையக்காரர்கள் ஊரில் இருந்தது. இரண்டாவது, அவர்களுடைய தோட்டங்களில் பாடுபடுகிறவர்களின் ஊரில்.

இரண்டாவது ஊரில் என்னை யாருக்கும் பிடிக்காது. அதில் தப்பில்லை. வாரம் ஒரு தரம் சைக்கிளில் வந்து இறங்கி, "காலைக் காட்டுங்க" என்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? மருந்து தரமாட்டேன். குச்சி சுற்றமாட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவேன். எனக்குப் 'புழு எண்ணி' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த ஊர் நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதற்கென்று தனிக் குரல் வைத்திருந்தன.

மாசி மாதத்தில் ஒரு நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, வடித்தெடுத்த தண்ணீரில் பூதக்கண்ணாடி வைத்துப் பூச்சி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது வயதிருக்கும் ஒருத்தி குடத்தோடு வந்து நின்றாள். போன வருஷம் இரண்டு காலிலும் புழு வந்து, களைவெட்டுக் காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தவள். இந்த வருஷம் அவள் புருஷனுடைய முறை. வேப்பமரத்தடியில் குச்சி கட்டிய காலை நீட்டியபடி அவர் கிடந்தார்.

"ஏனுங்க, அந்தூர்க் கெணத்துல மீனு உட்டிருக்கறீங்களாமா?"

யாராவது என்னைக் கேள்வி கேட்டால் போதும், மதகு திறந்த மாதிரி வாய் திறந்துகொள்ளும். "ஆமா அம்மிணி. ஏரிக் கெண்டைதான். நானே துணி போட்டுப் புடிச்சேன். பூச்சியெல்லாம் தின்னுபோட்டு இப்பத் தண்ணி பளிங்காட்டம் இருக்குது."

"எங்களுக்கு எப்பங்க உடுவீங்க?"

"அடுத்த வருசம்."

"கோடையில தண்ணி அடிக்குப் போயிருமுங்களே. அப்பக் குடிக்கறதுதானுங்க மறுவருசம் காலுல வருது."

டாக்டர் மாதக்கணக்கில் நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்த விஷயம் அது. அவளைக் கேட்டிருந்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்திருக்கும்.

"அது சரிதான். ஆனா உங்க கெணறு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அம்மிணி. அங்க புழு கொறையோணும், இங்க கொறையாம இருக்கோணும். அப்பத்தான் மீனாலதான் கொறஞ்சுதுன்னு சொல்ல முடியும்."

என் ஆயுளில் நான் எதையும் இத்தனை தெளிவாக விளக்கியதில்லை. விளக்கிவிட்டுச் சிரித்தேன் வேறு. அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொருத்தி கேட்டாள்:

"அப்ப நாங்க கால நீட்டிக் கெடந்தாத்தான் உங்களுக்குக் கணக்கு வருமுங்களா?"

"அப்படியில்லீங்க. சீட்டுல மீனு அந்தூருக்கு வந்துச்சு."

"சீட்டெடுத்தது ஆருங்க?" என்றாள் முதலாமவள்.

நான் பூதக்கண்ணாடிக்குள் குனிந்துகொண்டேன். அதற்குள் நீந்திய பூச்சிகள்மேல் எனக்கு அப்போது அளவில்லாத பிரியம் வந்தது. அவை ஒன்றும் கேட்கவில்லை.

"பண்ணாடி ஊட்டுல சோறு நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் ஏசுவதையும் மரியாதையாகத்தான் ஏசுவார்கள். அதில்தான் காரம் அதிகம்.

அதற்கப்புறம் அந்த ஊரில் எனக்கு ஒரு காலும் காட்டப்படவில்லை. நான் வருவது தெரிந்தால் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் காது கேட்காது. சைக்கிள் டயரில் வேலமுள் ஏறியது. ஒரு முள் என்றால் வழியில் ஏறியிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இரண்டு டயரிலும் மும்மூன்று இருந்தன. ராசிபுரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். என்னைத் தவிர எல்லாருக்கும் அது நல்ல வேடிக்கை.

பங்குனியில் ஒரு நாள் பூச்சி வடிக்கிற துணிவலையைக் கிணற்றில் இறக்கி எடுத்தால் பூச்சியே இல்லை. மறுபடி இறக்கினேன், இல்லை. குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளியாக ஒன்று புரண்டது. பிறகு நாலைந்து. கெண்டை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். யோக்கியன் என்பதால் அல்ல. வாராவாரம் நான் சீசாவில் கொண்டுபோய்க் கொடுக்கிற கிணற்றுத் தண்ணீரில் அவரும் ஒருமுறை பூச்சியை எண்ணிப் பார்ப்பார் என்ற பயம்.

"இரண்டாம் நம்பரில் மீன் எப்படி வந்தது?"

"ஏரியிலிருந்து பிடித்து விட்டிருக்கிறார்கள், சார்."

"ஏரி மீன் போதும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?"

நான் கூடாரத்துக் கயிற்றைப் பார்த்தேன்.

"முட்டாள்" என்றார். "சாயங்காலத்துக்குள் அங்கே ஒரு மீன் இருக்கக் கூடாது. பூச்சி பழையபடி ஏறட்டும்." புழுமேல் அவருக்கு இருந்த அக்கறையில் கால்வாசி கால்மேல் இருந்திருந்தால் அவர் பெரிய மனிதர்.

உச்சி வெயிலில் கைவலையோடு போனேன். படிக்கு ஒருத்தியாக, மேற்படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் அவள்.

"அம்மிணி, கொஞ்சம் நவுந்துக்கங்க."

"எங்கீங்க நவுறட்டும்? தண்ணிக்குள்ளயா?"

"இது ஆராய்ச்சிங்க. இது முடிஞ்சா ஜில்லா பூராவும் புழு ஒழியும்."

"ஒழியட்டுமுங்க. எங்க கெணத்துல இன்னைக்கே ஒழியட்டும்."

"மேலிடத்து உத்தரவுங்க."

"மீனுக்கிட்டச் சொல்லிப் பாருங்க" என்று வேப்பமரத்தடியிலிருந்து அவள் புருஷன் குரல் வந்தது. படி முழுக்கச் சிரிப்பு. அது என்னையும் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு அல்ல.

சுவரோரமாகக் கால் வைத்து இறங்கப் பார்த்தேன். இரண்டாவது படியில் இருந்தவள் தன் காலைக் குறுக்கே நீட்டினாள். கணுக்காலுக்கு மேலே புழு வெளியேறிய தழும்பு. அந்தக் காலை எனக்குத் தெரியும். என் நோட்டில் அதற்கு ஒரு நம்பர் உண்டு.

"மிதிச்சுட்டுப் போங்க" என்றாள்.

மிதிக்க முடியவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு மண்டை சூடேறினால் புத்திசாலித்தனம் வரும். அது வந்த நாளெல்லாம் கெட்ட நாள். கடைசிப் படியில் இருந்தவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரி மாதிரிச் சொன்னேன்:

"சரி அம்மிணி, மீன் இருக்கட்டும். எடுத்தாச்சுன்னு நோட்டுல எழுதிக்கறேன். சீசாவுக்கு வேற கெணத்துத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தர்றேன். டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ஒரு செம்புத் தண்ணீராவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மீனு இருக்குதுன்னே எழுதுங்க. நாங்க உட்டதுன்னும் எழுதுங்க."