கோல் வராத சாயங்காலம்

கோட்டை உச்சியில் வேலை என்றால் என்ன, காற்று வாங்கிக்கொண்டு நிற்கிற வேலைதானே என்று பேசுகிறவர்களை ஒரே ஒரு நாள் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அதுவும் விடுமுறை நாளாகப் பார்த்து. சாயங்காலத்துக்குள் ஆள் அழுதுவிடுவான்.

ஊருக்கு நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் பழைய கோட்டை, கோட்டை மூலையில் ஒரு காவல் கோபுரம். அதன் உச்சியில் நின்றால் நகரம் முழுக்கத் தெரியும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்துவிட்டான். அன்றிலிருந்து ஜனம் ஏறிக்கொண்டே இருக்கிறது. மேலே காவலுக்கு நிற்பவளை எல்லோரும் உச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போன பிறகு கிடைத்த வேலை. "சுவத்து மேல உக்காராதீங்க சார்", "குழந்தையைத் தூக்கிக் காட்டாதீங்கம்மா", "பேரை எழுதாதே தம்பி, எழுதினா மட்டும் அவ உன்னைக் கட்டிக்கப் போறாளா?" என்று கத்திக் கத்தியே தொண்டை தகரமாகிவிட்டது. வீட்டில் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே தகரம்தான்.

ஒரே மகள். வெளியூரில் வேலை கிடைத்து அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறாள். நல்ல நாளும் அதுவுமாகக் காலையிலேயே இரண்டு பேருக்கும் சண்டை. அம்மா மடித்து வைத்த போர்வையை மகள் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டாள். "அங்க போர்வையே கிடைக்காதாம்மா? என்னை நிம்மதியாப் போக விடேன்!" என்றாள். இவளுக்குச் சுருக்கென்றது. "போடி, போ! எனக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

சொன்னது சொன்னதுதான். அந்தத் 'தொல்லை' நாள் முழுக்கத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு எட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, பஸ் கிளம்புவதற்குள் பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்கு மேல் பர்மிஷன் வாங்கியிருந்தாள். அவளுக்குப் பதிலாக ஆபீஸ் கிளார்க் வந்து நிற்பதாக ஏற்பாடு.

இங்கேதான் அந்தக் கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபுரத்துப் படிக்கட்டு ஒரு குகை. ஒருவர் ஏறினால் எதிரே ஒருவர் இறங்க முடியாது. உள்ளே அரை இருட்டு வேறு. ஒரு தடவை நடுப்படியில் ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட, பின்னால் வந்த கும்பல் அவர் மேலேயே சரிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு வழக்கம். முழங்கை நீளத்தில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு கோல். இறங்குகிற கும்பலில் கடைசி ஆள் கையில் அதைக் கொடுத்தனுப்புவாள் உச்சியக்கா. கோல் வந்து சேர்ந்தால் படி காலி என்று கீழே நிற்கிற கீழ்வாசல் அண்ணனுக்குப் புரியும். பிறகு ஏறுகிற கும்பலின் கடைசி ஆளிடம் அது மேலே வரும். கோல் வராமல் யாரும் படியில் கால் வைக்கக் கூடாது. மேலேயும் சரி, கீழேயும் சரி.

கோலை யாரிடம் கொடுப்பது என்பதில் உச்சியக்காவுக்கு ஒரு கணக்கு உண்டு. சிரித்த முகமாக இருப்பவரிடம் கொடுக்கவே மாட்டாள். சிரிக்கிறவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று போட்டோ எடுப்பார்கள். கும்பலிலேயே சிடுமூஞ்சி யாரோ அவரிடம்தான் கொடுப்பாள். எப்போது வெளியே போவோம் என்று தடதடவென இறங்கிவிடுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் பொறுக்கி எடுத்து ஒருவரிடம் கொடுத்தாள். பெண்டாட்டியோடு வாய்ச்சண்டை, வெயிலோடு சண்டை, கோட்டையைக் கட்டின ராஜாவோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷன். பாதிக் கும்பல் அவரோடு இறங்கியது. மீதிப் பேர் இன்னும் போட்டோ எடுத்து முடிக்கவில்லை.

நாலு மணி ஆனது. கோலும் வரவில்லை, கிளார்க்கும் வரவில்லை. கீழ்வாசல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஏன் இன்னும் ஆள் அனுப்பலை?"

"கோல் வரலையே."

"அந்தச் சிடுமூஞ்சி மனுஷன் இறங்கி எவ்வளவு நேரம் ஆச்சு!"

"அவரா? பொண்டாட்டியைத் திட்டிக்கிட்டே போனாரு. கையில என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலை. கேட்டா என்னையும் கடிச்சிருப்பாரு."

"அப்ப கோல் அவரோடவே போயிருச்சு, படி காலின்னுதானே அர்த்தம்?"

"இருக்கலாம். ஆனா கோல் வரலையே."

உச்சியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கிளார்க் எங்கண்ணே?"

"வந்தாரு. இந்தக் கூட்டத்தைப் பாத்ததும், பிரச்சனை தீந்தா சொல்லியனுப்புங்கன்னு போயிட்டாரு. இப்ப போனையும் எடுக்க மாட்டேங்குறாரு."

அட கடவுளே! படி காலியா என்று தானே இறங்கிப் பார்க்கலாமென்றால் மேலே இருப்பதுகளை யார் பார்த்துக்கொள்வது? சுவர் இடுப்பளவுகூட இல்லை. அண்ணன் ஏறலாமென்றால் அவருக்கு முட்டிவலி. "எவ்வளவு நேரம்மா நிக்கிறது?" என்று மேலே இருந்தவர்கள் வேறு அவள் மேல் பாய்ந்தார்கள். "ஏறும்போது மட்டும் இனிச்சுதா?" என்று பதிலுக்குப் பாய்ந்தாள். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பஸ் கிளம்பிவிடும். கடைசியாகச் சொன்ன சொல் தொல்லை என்பதாகவே நின்றுவிடும்.

அப்போது படிக்கட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டது. கோல் இல்லாமல் ஏறுவது எந்த அதிகப்பிரசங்கி என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு வாங்க வந்து நின்றவள் மகள்.

"உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கீழ்வாசல் மாமா விடலை. அப்ப நானே படியில ஆள் இருக்கான்னு பாத்துக்கிட்டுப் போறேன் மாமான்னு சொன்னேன், பெட்டியை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிட்டாரு. உள்ள ஈ காக்கா இல்லம்மா."

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிவந்தபோது மகள் ஒரு முறை ஏறியிருக்கிறாள். எல்லோர் முன்னாலும் அம்மா அவளைத்தான் முதலில் அதட்டினாள் என்று அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வந்ததில்லை. இப்போது சுவரோரம் போய் நின்றாள்.

"நம்ம வீடு எங்கம்மா இருக்கு?"

உச்சியக்கா திரும்பிப் பார்த்தாள். கூரையும் மாடியுமாக என்னென்னவோ கிடந்தது. எது எந்தத் தெரு என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"தெரியலைடி."

"என்னம்மா இது! இத்தனை வருஷமா இங்கதானே நிக்கிறே?"

"நான் ஆளைப் பாப்பேனா, ஊரைப் பாப்பேனா? முதுகைத் திருப்பினா எவனாவது எட்டிப் பாத்து விழுந்து தொலைப்பான்."

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி விரலை நீட்டினாள். "அதோ, ரெண்டு தண்ணி டேங்க் தெரியுதா? அதுக்குப் பக்கத்துச் சந்து."

"நம்ம வீடா அது? இத்துனூண்டு இருக்கு!" என்றாள் உச்சியக்கா. பிறகு பட்டென்று, "காலையில தொல்லைன்னு சொன்னது மனசாரச் சொன்னதில்லடி" என்றாள்.

"தெரியும். போர்வையை எடுத்து வச்சுக்கிட்டேன்."

அதற்குள் போன் அடித்தது. அண்ணன்தான். "படி காலியாம்மா? இங்க கதவையே உடைச்சிடுவாங்க போல."

"காலிதான். மேல இருக்கறவங்களை இறக்கறேன். கடைசியா எம்பொண்ணு வருவா. அவதான் கோலுன்னு வச்சுக்கங்க. அவ வந்துட்டா நீங்க ஆள் அனுப்பலாம்."

அவளும் கூடவே இறங்கிவிடலாம்தான். இறங்கினால், கதவு திறந்ததும் திமுதிமுவென்று ஏறி வருகிற கூட்டத்துக்கு உச்சியில் ஆளில்லை. அது மகளுக்கும் புரிந்தது. அம்மாவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, எல்லோரும் இறங்கின பிறகு கடைசியாகப் படிக்குள் போனாள்.

உச்சி காலியானது. உச்சியக்கா சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். வேறு யாராவது அப்படி எட்டிப் பார்த்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பாள். கீழே வாசலிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன உருவம் வெளியே வந்து, சரிவில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் தெருவை நோக்கி நடந்தது.

போன் அடித்தது.

"உம்பொண்ணு வந்துட்டாம்மா. அனுப்பவா?"

"இருங்கண்ணே."

"இன்னும் என்னம்மா? இங்க என் சட்டையைப் பிடிக்கிறாங்க!"

"பிடிக்கட்டும். ஆள் வந்தா நான் அவங்களைப் பாக்கணும். இப்ப எம்பொண்ணைப் பாத்துக்கிட்டிருக்கேன்."