விட்டுப் போனவர்களின் ஊர்

இந்த அமெரிக்காவின் பூங்காப் பாதைகளில் எதிரே வருகிற எல்லோரும் சிரித்து ‘ஹாய்’ சொல்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறார்கள். இண்டியானாவுக்கு முதல்முறை வந்திருந்த அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. “யாரு தம்பி, ஒன்னோட வேலை பாக்குறவங்களா?”

“தெரியாதவங்கம்மா.”

“தெரியாதவங்க எதுக்குச் சிரிக்கிறாங்க?”

எனக்கும் தெரியவில்லை. பத்து வருடமாக நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று அம்மாவை ஒரு ஸ்டேட் பார்க்குக்கு அழைத்துப்போனதில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. அப்பா போன பிறகு, தாராசுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று கேட்க வேண்டும். நல்ல இடமாகப் பார்த்துக் கேட்கலாம் என்றிருந்தேன்.

பார்க்குக்குள், வெள்ளைக்காரர்கள் குடியேறிய பழைய ஊர் ஒன்றைக் காட்சிக்காக வைத்திருந்தார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள், ஓடைத் தண்ணீரில் சுழலும் மாவு மில். குடியிருப்பவர் ஒருவருமில்லை, அந்தக்கால கவுன் அணிந்த வழிகாட்டிப் பெண் மட்டும் நின்றிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் போனாள். அடுப்பையும் இரும்புச் சட்டியையும் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடமே கேட்டாள்: “வூட்டுக்காரங்க எங்கம்மா?” அந்தப் பெண் பரிவோடு கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். நான் குறுக்கே புகுந்து மொழிபெயர்த்தேன். ரயில் பாதை வேறு பக்கம் போனதில் மில் படுத்துவிட்டது, பிழைப்புத் தேடி எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்றாள் அந்தப் பெண்.

“யாரும் வெரட்டலையா?” என்றாள் அம்மா.

கேட்டேன். இல்லை, அவர்களாகவே போனார்கள் என்ற அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி, அவர்களுக்கு முன்பு இங்கிருந்த பூர்வகுடிகளைத்தான் விரட்டினார்கள் என்றாள். அம்மா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது மிராசுதாரின் வயலோரம் குடிசையில் இருந்தோம். நடவுக்கூலித் தகராறில் அவருடைய ஆள் வந்து காலி பண்ணச் சொன்னான். சேறு காயாத காலோடு அம்மா வாசலை மறித்து நின்று, “போவ மாட்டோங்க” என்றாள். மரியாதை குறையவில்லை, நகரவும் இல்லை. பின்னாளில் அதே இடத்துக்குத்தான் அவள் பெயரில் பட்டா கிடைத்தது. நான் விற்கச் சொல்ல நினைத்தது அங்கே கட்டிய வீட்டை.

பிறகு பார்க்கிலேயே இருந்த சுண்ணாம்புக்கல் குகைக்குள், ஒரு சிறு கூட்டத்தோடு போனோம். எங்கள் பக்கம் தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் தண்ணீர். கல் என்றால் கோயில்தான். அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். முழு இருட்டு எப்படி இருக்குமென்று காட்ட, குகையைச் சுற்றிக்காட்டியவர் விளக்கை அணைத்தார். என் முகம் தெரியாத அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்: “வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடுறியாம்மா?”

பக்கத்தில் யாரோ மெல்ல ‘ஆமென்’ என்றார். ஜெபம் என்று நினைத்திருப்பார்.

“நீ அங்க வந்துடுறியா?” என்றாள் அம்மா.

கோபமா, கேலியா, உண்மையாகவே கேட்கிறாளா? குரலில் எதுவும் தெரியவில்லை. விளக்கு வந்தபோது அவள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆடி பொறக்குறதுக்குள்ள என்னைய ஃபிளைட் ஏத்தி வுட்டுடு தம்பி. நாத்து வுடணும்.”

அவள் முன்னால் ஏறிப் போனாள். நான் குகை வாயிலில் நின்றுவிட்டேன். உள்ளிருந்து வந்த குளிர்காற்று முதுகில் பட்டது. வெளியே கோடை வெயில் முகத்தில் அடித்தது. பின்னால் வந்தவர்கள் ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்லி விலகிப் போனார்கள். எந்தப் பக்கம் ஒதுங்கி வழிவிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.