கொடிக்குக் கீழே இருந்த புண்

வேப்பெண்ணெய் நெடி எழுந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நேற்று ஒரு மருந்துக்கடை வாசலில் யாரோ புட்டியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். சாரலில் நனைந்த தென்காசி ஸ்டேஷன் தெரு மனதுக்குள் விரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வண்டிக் குதிரையின் முதுகில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் என் மதினி, அண்ணன் மனைவி. ஐம்பதுகளின் பிற்பகுதி அது. அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

சீசன் வந்துவிட்டால் ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்குக் குதிரை வண்டிகள் ஓயாமல் ஓடும். குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். படுக்கைச் சுருளும் பலகாரத் தகரமும் கூடவே ஏறும். சேணம் உரசி உரசிக் குதிரையின் முதுகு பிய்ந்துபோகும். ஊருக்கே அருவி கொட்டுகிற மாதத்தில், வண்டி நிற்கிற இடத்தில் அதற்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது. மதினி மருந்து போடுவாள், புண் ஆறும். ஆறின மறுநாளே அதே இடத்தில் சேணம் ஏறும். ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

“எண்ணெய்ல தீராது தம்பி. இது ஓட்டுல தீர வேண்டிய சங்கதி.”

உள்ளூர்த் தேர்தல் நெருங்கியிருந்தது. நானே பாட்டுக் கட்டி, நானே ஒலிபெருக்கியில் கத்தி, ஒரு கட்சிக்காகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தேன். எங்கள் வேட்பாளர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஓட்டுக் கேட்டு வந்தபோது மதினி நிறுத்திக் கேட்டாள்: வண்டி ஸ்டாண்டில் தண்ணீர்த் தொட்டி கட்டுவீர்களா? புண் ஆறாத குதிரையைப் பூட்டக் கூடாது என்று விதி கொண்டுவருவீர்களா?

“ஏன் தங்கச்சி, குதிரைக்கு ஓட்டு இருக்கா?”

கூட்டம் சிரித்தது.

“குதிரைக்கு இல்ல அண்ணாச்சி. எனக்கு இருக்குல்லா?”

எதிர்க்கட்சிக்காரர்களிடமும் அதையே கேட்டாள். அவர்களும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் கால் வீட்டில் தரிக்கவில்லை. குழாயடியில், கோயில் வாசலில், அரிசி புடைக்கிற முற்றத்தில் எல்லாம் இதே பேச்சு. எனக்கே பொறுக்கவில்லை. ரோடு இல்லை, விளக்கு இல்லை, பள்ளிக்கூடம் ஒழுகுகிறது, இதில் குதிரையா என்றேன்.

“ரோடு போட்டா அதுல இழுக்கப்போறது யாரு, நீயா?” என்றாள்.

ஓட்டுப்போடும் நாளில் ஆட்களை ஏற்றிப்போகக் கட்சிகள் வண்டி அனுப்புவது வழக்கம். எங்கள் தெருவுக்கும் ஒன்று வந்தது. குதிரையின் முதுகில் கட்சிக் கொடியைப் பட்டுப்போலப் போர்த்தியிருந்தார்கள். பெண்கள் ஏறக் காத்திருந்தார்கள். மதினி போய்க் கொடியை மெல்லத் தூக்கினாள். ஈக்கள் எழுந்தன. கீழே சிவப்பாக, ஈரமாக, உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

வண்டிக்காரர் தலைகுனிந்தார். “இன்னைக்கு வாடகையை விட்டா வீட்டுல அடுப்பு எரியாது தாயி.”

“உம்மள யாரு ஏசுனா? இதுக்கு மேல கொடியைப் போட்டவியள வரச் சொல்லும்.”

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “எதிராளி வண்டி அந்த முக்குல நிக்கி. இந்த நேரத்துல மானத்தை வாங்காத தங்கச்சி. ஜெயிச்சதும் எல்லாம் செஞ்சுதாரேன்.”

“ஜெயிக்கதுக்கு முன்னால இதை அவுத்து விடுங்க. இவருக்கு வாடகையையும் குடுங்க. பொறவு ஓட்டைப் பத்திப் பேசுவோம்.”

யாரும் ஏறவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: “குதிரையை அவுத்தா என்ன? அண்ணாச்சி இழுக்கட்டும், நாம ஏறிக்கிடுவோம்!”

தெருவே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார், அசையாமல் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து வாரை அவிழ்த்தார், வண்டிக்காரர் கையில் வாடகையை வைத்தார். எல்லோரும் நடந்தே போனோம், அவரும்தான்.

அவர் ஜெயித்தார். தொட்டி வந்தது. விதி வரவில்லை; மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மதினி விடவில்லை. அடுத்த தேர்தலில் இரண்டு கட்சி நோட்டீசிலும் குதிரை ஏறியது. கடைசி வரிதான். ஆனாலும் இரண்டிலும் இருந்தது.

இப்போது நான் இருக்கும் பட்டணத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டிகளை மாடுகள் பாலத்தின்மேல் மூச்சிரைக்க இழுக்கின்றன. எந்தக் கட்சி நோட்டீசிலும் அவற்றுக்குக் கடைசி வரிகூட இல்லை. ஒவ்வொரு தேர்தல் கூட்டத்திலும் போய் நிற்கிறேன். கேட்காமலே திரும்பி வந்துவிடுகிறேன்.

வேலைக்காக நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மதினி வழியனுப்ப ரயிலடிக்கு வந்திருந்தாள். ரயில் நகரத் தொடங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்துகொண்டு சொன்னாள்:

“அங்கனயும் ஓட்டுக் கேட்டு வருவாவல்லா? இழுக்கிற சீவனுக்கு என்ன செய்யப்போறியன்னு கேளு. சிரிப்பாவ. சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கனயே நின்னு, திரும்பவும் கேளு.”