தொடாத கல்லறை

நியூசிலாந்தில், பாபகூராவில் எங்கள் பக்கத்து வீட்டில் அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி அம்மா ஒருவர் தனியாக இருந்தார். நான் அவரை ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் குடிவந்த வாரமே வேலியோரம் நின்று எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். ராணுவத் தொப்பியில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் மகன். உங்க ஊர்லதான் இருக்கான்," என்றார். இறந்துபோனான் என்று சொல்லவில்லை.

அந்தத் தொப்பி எனக்குத் தெரியும். இந்தோனேசியா எங்கள் நாட்டுக்குள் ஆட்களை இறக்கிய வருடம் எனக்குப் பத்து வயது. லாபிஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பாராசூட்டில் குதித்தவர்கள் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறக்கவே பயம். அப்போதுதான் நியூசிலாந்துச் சிப்பாய்கள் லாரிகளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் காட்டுக்குள் போனார்கள். சில வாரங்களில் அப்பாவும் அம்மாவும் பழையபடி பால் வெட்டப் போனார்கள். எனக்குத் தெரிந்த போர் அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்களா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆண்ட்டியின் மகன் திரும்பவில்லை. லாபிஸுக்குப் பிறகு, அதே சண்டையில் போர்னியோவில் இறந்தான். உடலை ஊருக்கு அனுப்பாமல் மலாக்கா பக்கம் ஒரு ராணுவ முகாமுக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். மாவோரிகள் இறந்தவரைத் தனியாக விடவே மாட்டார்கள். பெண்கள் பெட்டியின் பக்கத்திலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து, தொட்டு, முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் மகனுக்கு அது எதுவுமே நடக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்பட்டேன். கல்லறையைப் படம் எடுத்து வருகிறேன் என்றேன். ஆண்ட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"படம் முக்கியமில்ல மகளே. அந்தக் கல்லுமேல கை வை. அம்மா அனுப்பினாங்கன்னு சொல்லு. இருபது வருஷமா ஒரு பொம்பளை கை அவன்மேல படல."

"கட்டாயம் ஆண்ட்டி," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

என் தம்பி அலையாய் அலைந்து முகாமுக்குள் போக அனுமதி வாங்கியிருந்தான். கல்லறைகளின் வாசல்வரை காரில் போனோம். நானும் இறங்குவதைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான்.

"நீங்க எங்கக்கா வர்றீங்க? பொம்பளைங்க உள்ள போற பழக்கம் நம்மகிட்ட உண்டா? கல்யாணத்தை வேற வச்சுக்கிட்டு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க."

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். இறந்தவர்களைத் துடைத்துத் துணி சுற்றிக் கொடுத்த கை இது. ஆனாலும் அங்கே கால் எழவில்லை. கல்யாண வீட்டுக்குத் தீட்டைக் கொண்டுபோகிறேனோ என்று பயந்தேன். காமிராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். வெட்டிய புல்லும் வரிசையான கற்களும் தெரிந்தன. இருபதடி நடந்திருந்தால் போதும். யாரோ பெற்ற பிள்ளை கடல் தாண்டி வந்து எங்களுக்காகக் காட்டுக்குள் போனான். எனக்கு அந்த இருபதடி பெரிதாகிவிட்டது.

பாபகூராவுக்குத் திரும்பியதும் படத்தைக் கொடுத்தேன். ஆண்ட்டி அதை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"கல்லு சூடா இருந்துச்சா?"

"ஆமா ஆண்ட்டி. நல்ல வெயில்."

என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதன்பிறகு அவரை வேலியோரம் பார்த்தால், வேலைக்கு நேரமாகிறது என்று நழுவிவிடுவேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஆண்ட்டி இறந்துபோனார். அவர்கள் கூடும் மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியோரம் மகனின் படத்தையும் நான் கொண்டுவந்த கல்லறைப் படத்தையும் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆண்ட்டியின் தங்கை என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

"அந்தக் கல்லைத் தொட்ட பொண்ணு இவதான்," என்று எல்லோரிடமும் சொல்லி, தலைமாட்டில், தன் பக்கத்திலேயே எனக்கு இடம் கொடுத்தார்.

அங்கே இறந்தவரிடம் எல்லோரும் நேராகவே பேசுகிறார்கள். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், ஆண்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் தமிழில் பேசினேன்.

"நான் உள்ள போகல ஆண்ட்டி. வெளியவே நின்னுட்டேன்."

நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து, ஆண்ட்டியின் தங்கை என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.