நடக்கத் தெரியாத வயலின்

போன கிழமை உட்துறைமுக வீதியில் ஒரு கலியாண விருந்து. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒல்லியான இளைஞன் ஒருவன் வயலினைத் தாடைக்குக் கீழே செருகிக்கொண்டு, மேசை மேசையாகச் சிரித்தபடி நடந்து வாசித்தான். மற்றவர்கள் படம் பிடித்தார்கள். நான் மேசைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. அவன் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. எனக்குத்தான் கழுத்து வலித்தது.

நான் பழகிய வயலின் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து வாசிப்பது. அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றிவிட்டால் பிறகு அது எங்கே போகும்? கோயில் கச்சேரிகளிலும் நாட்டிய அரங்கேற்றங்களிலும் இருபது வருடம் அப்படித்தான் இருந்தேன்; என் வேட்டிகளெல்லாம் பின்பக்கத்தால்தான் கிழிந்தன. ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் வாசிப்பேன். நான் சைவக்காரன், ஆனால் பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டியிருந்தது. அங்கே நின்றுதான் வாசிக்க வேண்டும். ஆகவே வயலினை வீட்டில் வைத்துவிட்டு ரெக்கோடரைக் கொண்டுபோவேன். வாயில் நேராக வைத்து ஊதும் சிறிய மரக்குழல் அது. ஊதுமுன் சூடாக்காவிட்டால் சுருதி இறங்கிப்போகும். பிரசங்கம் முடியும்வரை அதைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு இருப்பேன். கை விளங்காதவர் என்று நினைத்துச் சிலர் எனக்காக மன்றாடியதும் உண்டு.

இரண்டு வாத்தியம் தெரிந்தும் அப்போது நிரந்தர வேலை ஒன்றும் இருக்கவில்லை. சுனாமிக்கு முன், சண்டை ஓய்ந்திருந்த மாதங்கள் அவை. மைத்துனர் கட்டாரில் களஞ்சியக் காப்பாளர் வேலை ஒன்று பார்த்து, விசாவும் அனுப்பிவிட்டார். என் மனைவி பத்மா என் சட்டைகளைத் தோய்த்து மடித்தாள். பிறகு மடித்ததையே எடுத்து மறுபடி தோய்த்தாள்.

அப்போதுதான் உப்புவெளிக் கடற்கரையில் இருந்த ஒரு ஹோட்டலின் மனேஜர் நஸீர் ஆளனுப்பினார். கிண்ணியாக்காரர், பகிடிக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக்காரருக்கு வயலின் வாசிக்க வேண்டுமாம். இருப்பதற்கு ஒரு பாய் கேட்டேன்.

"பாயா? மாஸ்டர், இது பள்ளிவாசல்ல பாய் விரிச்சுப் போடுற கந்தூரிச் சாப்பாடு இல்ல. மேசைக்கு மேசை நடந்து வாசிக்கணும். ஏலுமா, ஏலாதா?"

"ஏலும்" என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டச் சொன்னார். சரிவந்தால் இங்கே நிற்கலாம், இல்லாவிட்டால் கட்டார்.

பத்மா முற்றத்தில் கதிரைகளையும் ஒரு வாளியையும் மேசைகளாகப் பரப்பினாள். வயலின் என் தோளில் நிற்பதாக இல்லை. அவள் முன்னால் வந்து, அதன் தலையை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள்.

"விழுந்தா நான் பிடிப்பன். நீங்கள் என்னைப் பாராமல் வாசியுங்கோ."

"முன்னால நிண்டா வேற எங்க பாக்கிறது?"

"உந்த வாளிதான் வெள்ளைக்காரன். அவனைப் பாத்துச் சிரியுங்கோ."

இரண்டு நாளாக வாளியைப் பார்த்துச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது மேசையில், வியர்வையில் வயலின் நழுவியது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். வில் ஒருவருடைய சூப்புக்குள் விழுந்தது. நஸீர் கண்ணை மூடிக்கொண்டார். செய்வதறியாமல் வயலினை வெறுங்கதிரையில் கிடத்திவிட்டு, பழக்கத்தில் பையில் கொண்டுவந்திருந்த ரெக்கோடரை எடுத்தேன். அந்த வெயிலில் அதைச் சூடாக்கத் தேவையிருக்கவில்லை. ஊதத் தொடங்கியதும் கால்கள் தாமாக நடந்தன. கடைசி மேசைவரை போய்த் திரும்பினேன்.

"இது நடக்குது, மாஸ்டர்," என்றார் நஸீர். "மத்ததுக்கு மூலையில ஒரு பாய் போட்டுத் தாறன். நாளைக்கும் வாங்க."

வீட்டுக்கு வந்தபோது பத்மா வாசல் படலையடியில் நின்றாள்.

"விழுந்ததோ?"

"விழுந்தது."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கும் வரட்டாம்."

"அதை முதல் சொல்லக்கூடாதோ, மனுசா!" என்று தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள். நான் பின்னால் போய் நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

அந்த ஹோட்டலைக் கடல் கொண்டுபோய்விட்டது. நஸீர் தானே கட்டாருக்குப் போனார். பத்மா காலமாகி நாலு வருடம். மகள் கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாள்: "அங்க தனிய இருந்து என்ன செய்யிறியள், அப்பா? இஞ்ச வாங்கோவன்."

போகலாம்தான். மடித்த சட்டையை மறுபடி தோய்த்து மறிக்க இப்போது ஒருவரும் இல்லை.